ஊரை விட்டுப் போனவர்கள்: இந்த ஆண்டு நான் படித்த ஐந்து புத்தகங்கள்



"டீச்சர், படிக்க நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது போனில் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள் என்பது உங்களுக்குத் தெரியும். டீயோ காபியோ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான்கு நாவல்கள், ஒரு தன்வரலாறு. சில புதிதாகப் படித்தவை, சில திரும்பப் படித்தவை. ஐந்தையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. எல்லாமே சொந்த ஊரை விட்டுப் போனவர்களின் கதை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள். அதனால் இது உங்களுக்கும் பொருந்தும்.

34 ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தினேன். பாடப் புத்தகத்தில் பஞ்சம் ஒரு வரி, தேயிலைத் தோட்டம் ஒரு வரி, உலகப் போர் இரண்டு பக்கம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை லட்சம் பேர் நசுங்கிக் கிடக்கிறார்கள் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. அதற்கு அங்கே இடமும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது நாவல்.

1. வெள்ளை யானை – ஜெயமோகன்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஆச்சிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் அது. மழை பொய்த்ததால் வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். மழை பொய்த்தது உண்மை. ஆனால் இந்தியா முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்ததற்கு மழை மட்டும் காரணம் அல்ல.

இதில் ஒரு சங்கதியை வகுப்பில் விரிவாகச் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்று ஓர் அதிகாரி. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். சாவு மிகக் குறைவு. அதற்குப் பாராட்டு கிடைத்ததா? இல்லை, அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று திட்டுதான் கிடைத்தது. அதே மனிதரை 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள், செலவைக் குறைப்பதற்காக. இந்த முறை அவர் கெட்டியாகக் கையை மூடிக்கொண்டார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலி என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று எழுத்துமூலமாகச் சண்டை போட்டார். ஒரே அரசாங்கத்துக்குள் இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே 1877ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று டெல்லியில் லிட்டன் பிரபு மாபெரும் தர்பார் நடத்தினார். விக்டோரியா ராணி இந்தியாவின் பேரரசி ஆனதற்கான கொண்டாட்டம்.

வெள்ளை யானை இந்தப் பஞ்ச காலத்துச் சென்னையில் நடக்கிற நாவல். ஏய்டன் என்ற ஐரிஷ் போலீஸ் அதிகாரியின் கண் வழியாகக் கதை போகிறது. மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது முதலில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டியது. அங்கே ஐஸ் உடைக்கிற ஒடுக்கப்பட்ட மக்கள் வேலை நிறுத்தம் செய்வதுதான் கதையின் மையம். ஊரில் ஜனங்கள் பட்டினியால் விழுகிறார்கள்; துரைமார் குடிக்கும் பானத்துக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து ஐஸ் வருகிறது. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் இருக்கும் பிள்ளைகளே, பறக்கும் ரயிலில் போகும்போது பக்கத்திலேயே கறுப்பாக ஒரு கால்வாய் ஓடுகிறது அல்லவா? அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அடுத்த முறை மூக்கைப் பொத்திக்கொள்ளும் முன் ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. எரியும் பனிக்காடு – பி.எச். டேனியல் (தமிழில்: இரா. முருகவேள்)

இது 1969இல் ரெட் டீ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்த நாவல். எழுதியவர் ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர். பழைய தொழிலாளிகள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். பாலாவின் பரதேசி படம் (2013) இந்த நாவலை அடிப்படையாகக் கொண்டது. படம் பார்த்துவிட்டோமே என்று புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். படத்தில் இல்லாத நிறைய விஷயங்கள் புத்தகத்தில் உண்டு.

கதை 1920களில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமத்தில் இருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறுகிறார்கள். கையில் முன்பணம். அந்த முன்பணம்தான் கால் விலங்கு. கம்பளிக்குக் கழிவு, அரிசிக்குக் கழிவு, காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். இதற்கு நடுவில் மலேரியா. மழைக்கு ஒழுகும் வரிசை வீடுகளில் இருந்து வாரத்துக்கு ஒரு பிணம் போகிறது.

"அப்படியென்றால் இறங்கி ஓடி வந்திருக்கலாமே டீச்சர்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சட்டம் வருகிறது. 1859இல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காமல் போனால் மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பலாம். முதலாளி சம்பளம் கொடுக்காவிட்டால் அது சிவில் வழக்கு. தொழிலாளி போனால் மட்டும் ஜெயில். இந்தச் சட்டத்தை நீக்குவதற்கு 1925 வரை ஆனது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், வேலை நேரம் என்று ஒரு முழுமையான சட்டம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1951இல்.

உறவுகளுக்காக இங்கே ஒன்று சொல்கிறேன். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. என் மாமியாரின் அத்தை ஒருவர் கல்யாணமான புதிதில் புருஷனோடு மலைக்குப் போனார். இரண்டு தீபாவளிக்குச் சேதி வந்தது. அதற்குப் பிறகு இல்லை. மாமியார் உயிரோடு இருந்தவரை அவரை "மலைக்குப் போன அத்தை" என்றுதான் சொல்வார். பெயர் அவருக்கே தெரியாது. அவர் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார் அந்த அத்தை. எந்த எஸ்டேட், எந்த வருஷம், எதுவும் தெரியாது. வீட்டில் ஒரு குத்துவிளக்கு இருக்கிறது. அது அவருடைய சீரில் வாங்கி, கொண்டுபோக முடியாமல் விட்டுப்போனது என்று சொல்வார்கள். அவ்வளவுதான் மிச்சம்.

இந்த நாவலில் வள்ளி மலை ஏறும் பகுதியைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குத்துவிளக்குதான் ஞாபகம் வந்தது. அதில் வருவது அந்த அத்தையின் கதை அல்ல என்பது தெரியும். ஆனால் அவர் நடந்த பாதை எப்படி இருந்திருக்கும் என்பதை வேறு எந்தப் பதிவேடும் எனக்குச் சொல்லியிருக்காது.

3. புயலிலே ஒரு தோணி – ப. சிங்காரம்

மலைக்குப் போனவர்கள் ஒரு பக்கம் என்றால் கடல் தாண்டிப் போனவர்கள் மறுபக்கம். சிவகங்கைச் சீமை சிங்கம்புணரிக்காரர் சிங்காரம். 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ராவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து 1946இல் திரும்பினார். மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாகவே வாழ்ந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். இந்த நாவல் எழுதிப் பல ஆண்டுகள் கழித்து 1972இல்தான் அச்சானது.

பாண்டியன் என்ற இளைஞன் கதாநாயகன். மெடானின் வட்டிக்கடை, கடைத்தெரு, போர், ஜப்பான்காரன் வருகை, இந்திய தேசிய ராணுவம், கப்பல் பயணம் என்று நாவல் பாய்ந்து செல்கிறது. நடுநடுவே மதுரையின் தெருக்கள் அவன் நினைவில் வந்துகொண்டே இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, ஊர் ஞாபகம் எப்படி வாசனையாகவும் சத்தமாகவும் வரும் என்பதை இவரைப்போல் எழுதியவர்கள் தமிழில் குறைவு. முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் சிரமமாக இருக்கும், மலாய்ச் சொற்களும் இடப்பெயர்களும் நிறைய. பொறுமையாகத் தாண்டுங்கள். பக்கத்தில் ஓர் உலக வரைபடம் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும்.

வரலாற்றுப் பின்னணி இதுதான். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஒரே இரவில் அநாதைகள் ஆனார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டங்களில் இருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள் அவர்களில் பலர். இந்தியாவுக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள்.

அதே காலத்தில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலேயாத் தோட்டங்களில் இருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப் பிரிவு, இறந்த தேதி. கூடவே செத்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படி வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. ராணுவத்திடம் பட்டியல் இருந்தது, அதனால் பெயர் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு யார் பட்டியல் வைத்தார்கள்? இந்தக் கதையைத் தனியாகப் படிக்க விரும்புகிறவர்கள் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் நாவலைத் தேடிப் பிடியுங்கள்.

4. 18வது அட்சக்கோடு – அசோகமித்திரன்

செகந்திராபாத் 17க்கும் 18க்கும் இடைப்பட்ட அட்சக்கோட்டில் இருக்கிறது. வரைபடப் பயிற்சியில் உங்களை எத்தனை முறை ஹைதராபாத்தைக் குறிக்கச் சொல்லியிருப்பேன்! அந்த ஊர் 1948இல் எப்படி இருந்தது என்பதுதான் இந்த நாவல். வந்தது 1977இல். அசோகமித்திரன் அங்கேயே 1931இல் பிறந்து வளர்ந்தவர்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்க்க, குடும்பத்தோடு ரயில்வே குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட் பைத்தியம். கல்லூரிக்குப் போகிறான், சைக்கிள் ஓட்டுகிறான். சுற்றிலும் நிஜாம் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது. ரஜாக்கர்கள் ஒரு பக்கம், இந்தியாவோடு சேர வேண்டும் என்ற போராட்டம் மறுபக்கம். நேற்றுவரை சேர்ந்து விளையாடிய பையன்கள் ஒருவரை ஒருவர் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. போலீஸ் நடவடிக்கை என்று பெயர். நம் பாடமும் அங்கே முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு நடந்த கலவரங்களை விசாரிக்க நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ரஜாக்கர்கள் செய்த கொடுமைகளும் உண்மை, அதற்குப் பின் நடந்ததும் உண்மை. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது.

நாவலின் கடைசிப் பக்கங்களை இங்கே சொல்லமாட்டேன். நீங்களே படியுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். வென்ற பக்கத்தில் நிற்கிற ஒரு பையன் வெட்கப்படும் கணம் அது. கலவரச் செய்தியைக் கைப்பேசியில் தள்ளிவிட்டுப் போகிற நமக்கு அவசியமான கணம்.

5. என் சரித்திரம் – உ.வே. சாமிநாதையர்

தன்னம்பிக்கை நூல் கேட்கிறவர்களுக்கு இது. "வெற்றிக்கு இத்தனை வழிகள்" என்ற ரகப் புத்தகங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலையை எடுத்தால் எப்படி விடாமல் செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதற்கு மேல் ஒரு புத்தகம் இல்லை.

1855இல் பிறந்தவர், ஊர் உத்தமதானபுரம். அப்பாவுக்கு நிலையான வருமானம் இல்லை; பாட்டும் கதாகாலட்சேபமும்தான். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடியே குடும்பம் ஊர் ஊராக இடம் மாறியது. இவர்களும் ஊரை விட்டுப் போனவர்கள்தான், ஆனால் படிப்புக்காக. கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. வயது 25. அந்த ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் பிள்ளைத்தமிழ், அந்தாதி, கலம்பகம், தலபுராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். அன்றைக்கு அவை முழுமையாக அச்சில் கிடைக்காத நூல்கள். கெட்டிக்காரன் என்று ஊரே சொன்ன ஒருவரிடம் இப்படி ஒருவர் கேட்டால் கோபம் வரும். இவருக்குத் தேடல் வந்தது. ஏழு ஆண்டு உழைப்பு. சமணச் சொற்கள் புரியவில்லை என்றதும் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

நம் பக்கத்து ஊர் கரிவலம்வந்தநல்லூருக்கும் ஏடு தேடி வந்திருக்கிறார். அங்கே கோயிலில் இருந்த பழைய ஏடுகளை முறைப்படி ஹோமத் தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். யாரும் தமிழுக்குத் துரோகம் செய்ய நினைத்துப் போடவில்லை. மதிப்பு தெரியாமல், மரியாதையாகவே எரித்திருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டிகளுக்கும் இதுதானே நடக்கிறது?

இந்தத் தன்வரலாற்றை 84 வயதுக்கு மேல், 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தார். 1942இல் காலமாகும் வரை எழுதினார். கதை முடியவில்லை. ஓய்வு பெற்றாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று சொல்லும் என் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தினம் ஒரு அத்தியாயம் படித்தால் நான்கு மாதத்தில் முடித்துவிடலாம்.

இனி ஒரு கேள்விக்குப் பதில். இந்தப் பட்டியலைச் சொன்னதும் பழைய மாணவர் ஒருவர், "நாவல் கற்பனைதானே டீச்சர், அதை வரலாறு என்று எப்படி எடுத்துக்கொள்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏய்டன் கற்பனை, பஞ்சம் கற்பனை அல்ல. கருப்பன் கற்பனை, முன்பணம் கற்பனை அல்ல. தேதி, சட்டம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஆவணத்தைப் பாருங்கள். நாவலை நம்பித் தேர்வு எழுதாதீர்கள். ஆனால் ஆவணத்தை எழுதியவர் யார் என்றும் பாருங்கள். தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தைத் துரை எழுதினார். பஞ்ச அறிக்கையை அதிகாரி எழுதினார். மண் சுமந்தவளுக்கு எழுதத் தெரியாது. அவள் பக்கத்தை ஊகித்துத்தான் எழுத முடியும். அந்த ஊகத்தைப் பொறுப்போடு செய்கிறவர் நல்ல நாவலாசிரியர். இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் வரலாறு படிப்பது.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால்: படிக்கிற பழக்கம் விட்டுப்போனவர்கள் எரியும் பனிக்காட்டில் தொடங்குங்கள், கையை விட்டு வைக்க முடியாது. கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு 18வது அட்சக்கோடு. நிதானமாகப் படிப்பவர்களுக்கு சிங்காரம். விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் மாவட்ட நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாசகர் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். நாலு பேர் கேட்டால் வரவழைப்பார்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இந்த வயதிலுமா என்று சிரிக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் ஊரை விட்டுப் போன முதல் ஆள் யார்? எஸ்டேட்டோ, ரங்கூனோ, கொழும்போ, பம்பாய் மில்லோ, எதுவானாலும் சரி. பெயர், போன ஊர், ஏறத்தாழ எந்த வருஷம், திரும்பினாரா இல்லையா. இந்த நான்கையும் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு பதிவுதான். பிள்ளைகளுக்கு நோட்டு இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.

எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். சிவப்பு மை எடுக்கமாட்டேன், படிக்க மட்டும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்